பழைய ஜீப் வாங்கித் தினமும் ஓட நினைக்கும் யாழ்ப்பாணத்தாருக்கு

பழைய பஜிரோ, லேண்ட் ரோவர், மிற்சுபிசி ஜீப், ஜிம்னி என்று ஏதாவது ஒன்றை வாங்கி, வேலைக்கும் சந்தைக்கும் பிள்ளைகளின் ரியூசனுக்கும் அதிலேயே ஓடினால் என்ன என்று யோசிக்கிறீர்கள். தாராளமாக ஓடலாம். நான் கொக்குவிலிலிருந்து தினமும் ரவுணுக்கு ஓடுகிறேன், இடைக்கிடை பூநகரிப் பக்கம் வயலுக்கும் போகிறேன். ஆனால் வாகனம் வீட்டுப் படலைக்கு வருவதற்குள் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல, அதில் பாதிக்கு மேல் யாராவது முன்கூட்டியே ஒழுங்காகச் சொல்லியிருந்தால் தவிர்ந்திருக்கும். நான் விசாரித்தவர்கள் எல்லோரும் எஞ்சினைப் பற்றியே பேசினார்கள். எஞ்சின் பெரிய விஷயமில்லை. யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது, எஞ்சினை இறக்கி ஏற்ற இங்கே ஆள் இருக்கிறார்கள். பத்திரம் பிழையென்றால் எந்த மெக்கானிக்கும் ஒன்றும் செய்ய முடியாது, வாகனத்தின் அடிச்சட்டமான சேசிஸ் உக்கிப்போயிருந்தால் திருத்துகிற காசுக்கு இன்னொரு வாகனத்துக்கு முற்பணம் கொடுக்கலாம். அதனால் முதலில் பத்திரம், பிறகு சேசிஸ், அதற்குப் பிறகுதான் எஞ்சின்.

1. முதலில் உங்கள் ஒழுங்கையை அளந்து பாருங்கள்

சிரிக்க வேண்டாம். எங்கள் ஒழுங்கைகள் சைக்கிளுக்கும் மாட்டு வண்டிலுக்கும் விட்டவை. இரண்டு பக்கமும் மதில், நடுவில் ஒரு மின்கம்பம், முடக்கில் யாரோ ஒருவருடைய வேலி. பஜிரோவும் லேண்ட் ரோவர் டிஃபென்டரும் திரும்ப நல்ல இடம் கேட்கும், காரில் ஒரே மூச்சில் எடுக்கிற முடக்கை முன்னே பின்னே என்று எடுக்க வேண்டி வரும். படலை அகலம், போர்ட்டிகோ உயரம், முடக்கு மூன்றையும் பார்த்துவிட்டு, முடிந்தால் அதே மொடல் வைத்திருக்கிற ஒருவரை வீட்டுக்கு வரச்சொல்லி ஒருதரம் உள்ளே விட்டுப் பாருங்கள்.

அம்மா அப்பாவை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிற வாகனமும் இதுதான் என்றால், அவர்களையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். சேலையோடு டிஃபென்டரில் ஏறுவது லேசான வேலையில்லை. பக்கப்படி ஒன்று பூட்டினால் சமாளிக்கலாம், ஆனால் வாங்க முன்னரே அது தெரிந்திருக்க வேண்டும்.

2. மொடலைத் தீர்மானித்தல்

எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். என் கணக்கு இது.

மிற்சுபிசி பஜிரோவின் முதல் தலைமுறை 1982இல் வந்தது, இரண்டாவது 1991இல். 2.5 லீற்றர் டீசலான 4டி56 எஞ்சினை இங்கே எந்தக் கராஜிலும் திருத்துவார்கள். ஆனால் அதற்கு இரண்டு பலவீனங்கள்: சூடேறினால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் கீறல் விழும், வால்வுகளை நேரத்துக்கு இயக்குகிற ரைமிங் பெல்ற் அறுந்தால் வால்வுகள் அடிபடும். 2.8 லீற்றர் 4எம்40இல் பெல்ற்றுக்குப் பதில் செயின், அந்தக் கவலை குறைவு, டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும். தினசரி ஓட்டத்துக்கு, ஏசியோடு, குடும்பத்தோடு என்றால் நான் பஜிரோவைத்தான் சொல்வேன்.

லேண்ட் ரோவர் டிஃபென்டர் பார்க்க ஆசையாக இருக்கும். பொடி, அதாவது மேலுடல், அலுமினியம், சேசிஸ் இரும்பு. இதன் பொருள் ஐந்தாவது பகுதியில் வரும்.

4டிஆர்5 எஞ்சின் போட்ட மிற்சுபிசி ஜீப்புக்கு எதுவுமே பிரச்சினையில்லை, உங்கள் முதுகைத் தவிர. வயலுக்கும் மண் ரோட்டுக்கும் நல்லது. தினமும் வெள்ளைச் சேட்டோடு ஒபிசுக்குப் போகிறவர் ஒரு மழைக்காலம் ஓடிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

சுசுக்கி ஜிம்னி 1.3 லீற்றர் பெற்றோல். ஒழுங்கைக்குப் பொருத்தம், செலவு குறைவு, பின்சீற் பேருக்குத்தான்.

லேண்ட் குரூசர் பழைய டீசல் வகைகளில் சில 24 வோல்ட். இரண்டு பற்றரி வேண்டும், ஸ்ராற்றரும் வேறு. விற்பவர் சொல்லமாட்டார், நீங்கள்தான் பொனற்றைத் திறந்து பார்க்க வேண்டும். 2.4 லீற்றர் ரேர்போ எஞ்சின் போட்ட ஹைலக்ஸ் சேர்ஃபைப் பார்த்தால் ஹெட் எப்போதாவது மாற்றினார்களா என்று கேளுங்கள்.

3. காசுக் கணக்கு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய விலை, 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகும் பழைய ஜீப்புகளில் பெரிதாக இறங்கவில்லை. புதிதாக வருகிறவற்றின் வரியைப் பார்த்தவர்கள் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு பழைய வாகனத்துக்கு லீசிங் கிடைப்பது கடினம். கைக்காசுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையிலிருக்கிற முழுக் காசுக்கும் வாகனம் பார்க்க வேண்டாம். விலையில் கால்வாசியாவது முதல் வருடத் திருத்தத்துக்கென்று ஒதுக்குங்கள். நான்கு ரயர் மாற்றவே நல்ல காசு போகும், 235/75 ஆர்15, 265/70 ஆர்15 போன்ற அளவுகள் கார் ரயர் விலையில் கிடைக்காது. ரயரில் பூ நிறைய இருக்கிறது என்று சந்தோசப்படாமல் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. வெடித்துக் காய்ந்த பத்து வருட ரயரைக் கறுப்புப் பொலிஷ் பூசி வைத்திருப்பார்கள்.

எரிபொருளுக்கு, ரவுண் ஓட்டத்தில் பழைய பஜிரோ லீற்றருக்கு எட்டு ஒன்பது கிலோமீற்றர் கொடுத்தால் நல்லது. விற்பவர் பன்னிரண்டு என்பார். எட்டை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

4. பத்திரம்: வாகனத்தைப் பார்க்கப் போக முன்னரே

ஃபோனில் விலை கேட்கிற நேரத்திலேயே வாகனப் பதிவுச் சான்றிதழின், அதாவது சீஆரின், படத்தை அனுப்பச் சொல்லுங்கள். "நேரில வாங்கோ தம்பி, எல்லாம் கிளியர்" என்று சொல்லி அனுப்பாமல் விடுகிறவரிடம் போகவே வேண்டாம். படம் வந்ததும் பார்க்க வேண்டியவை:

சீஆரில் இருப்பவரும் விற்பவரும் ஒரே ஆளா? இல்லையென்றால் அது பெரும்பாலும் ஓப்பின் பேப்பர் வாகனம். அதாவது சொந்தக்காரர் எப்போதோ மாற்றப் படிவத்தில் வெறுமனே கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார், பிறகு வாங்கியவர்கள் யாரும் தங்கள் பெயருக்கு மாற்றாமல் கைமாற்றிக் கைமாற்றி உங்களிடம் வந்திருக்கும். நடுவில் அந்த வாகனம் விபத்திலோ வழக்கிலோ மாட்டியிருந்தால் உங்களுக்குத் தெரியாது. சொந்தக்காரரின் அடையாள அட்டைப் பிரதி இல்லை, கையெழுத்துப் பொருந்தவில்லை என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருப்பி அனுப்பினால், அவரைத் தேடி நீங்கள் குருநாகலுக்கோ காலிக்கோ போக வேண்டும். எனக்கு ஒரு தரகர் முதலில் காட்டியது இப்படியான ஒன்றைத்தான், விலை கேட்டால் மனம் இளகும் அளவுக்குக் குறைவு.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல், சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பது. தம்பியோ மச்சானோ விற்பார். அவரிடம் அற்றோனித் தத்துவம், அதாவது சொந்தக்காரருக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம், இருக்கிறதா, அதில் வாகனத்தை விற்க அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் எழுதியது என்றால் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி, இங்கே பதிந்திருக்க வேண்டும். "அண்ணை ஃபோனில சொல்லுவார்" என்பது பத்திரமில்லை. சொந்தக்காரர் இறந்துவிட்டார் என்றால், உரித்தாளர்கள் முதலில் தங்கள் பெயருக்கு மாற்றட்டும், அதற்குப் பிறகு வாங்குங்கள். அதற்கு அவசரப்பட்டு நீங்கள் லோயருக்குக் காசு கட்ட வேண்டாம்.

சீஆரில் அப்சலூட் ஓனர் (முழு உரிமையாளர்) என்ற இடத்தில் வங்கியோ லீசிங் கொம்பனியோ இருந்தால், கடன் கட்டி முடிந்தாலும் விடுவிப்புக் கடிதம் வராமல் பெயர் மாறாது. கடிதத்தை விற்பவர் எடுத்துத் தரட்டும், அதன் பிறகு முற்பணம்.

பிறகு எஞ்சின் இலக்கம். பழைய ஜீப்புகளில் எஞ்சின் மாற்றுவது இங்கே சர்வசாதாரணம். டிஃபென்டருக்குள் நிசான் எஞ்சின், மிற்சுபிசி ஜீப்புக்குள் ரொயோற்றா எஞ்சின் எல்லாம் ஓடுகிறது. மாற்றியது பிழையில்லை, சீஆரில் அது ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் பெயர் மாற்றும்போதோ, ஒரு விபத்துக்குப் பிறகு காப்புறுதிக்காரர் வரும்போதோ அது வெளியே வரும். பெற்றோல் வாகனத்தை டீசலாக்கியிருந்தாலும் இதே கதை.

ஏலத்தில் எடுத்தது, தொண்டு நிறுவனத்திலிருந்து வந்தது என்று சொன்னால் கூடுதல் கவனம். தீர்வையில்லாமல் இறக்கிய வாகனத்துக்குச் சுங்கக் கணக்குத் தீராமல் பெயர் மாற்ற முடியாது. கழிவாக விற்ற வாகனத்துக்குத் திரும்பப் பதிவு கிடைக்கும் என்று நம்பவும் கூடாது. ஏலப் பற்றுச்சீட்டையும் விடுவிப்புக் கடிதத்தையும் அசலில் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைப் போட்டு விவரத்தை எடுத்து, சீஆர் படத்தோடு ஒப்பிடுங்கள். அதற்கு ஆகும் சிறு கட்டணத்தைப் பார்த்து யோசிக்கிற இடமில்லை இது. பெரிய எஞ்சின் வாகனம் என்றால் சொகுசு வரி நிலுவை ஏதும் கிடக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள்.

5. சேசிஸ்: கீழே படுத்துப் பாருங்கள்

பத்திரம் சரி என்றால்தான் நேரில் போக வேண்டும். பழைய சேட்டு, ரோச் லைற், சின்னச் சுத்தியல், தட்டை ஸ்குரூடிரைவர் கொண்டு போங்கள்.

மூன்று பக்கமும் கடல், நடுவில் உப்பு வெளி. பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுப்பக்கம் போய்வந்த வாகனம், கரையில் வள்ளம் இழுத்த வாகனம் எல்லாம் மேலே பளபளவென்று இருக்கும், அடியில் இருக்காது. சேசிஸ் சட்டத்தைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே முன்னிருந்து பின்னுக்குப் போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உக்கிய இடம் பொத்தென்று கேட்கும், அங்கே ஸ்குரூடிரைவரை ஊன்றிப் பாருங்கள். விற்பவர் முகம் மாறினால் மாறட்டும். வில்லுப் பூட்டுகிற இடங்கள், பொடி இருக்கிற புஷ் இடங்கள், பின் சக்கரத்துக்கு மேலே வளையும் பகுதி, பின் குறுக்குச் சட்டம், இவைதான் முதலில் போகும்.

டிஃபென்டரில் ஏமாறுவது இங்கேதான். அலுமினியப் பொடி துருப்பிடித்து ஓட்டை விழாது, அதனால் வாகனம் முழுக்க நல்லது என்று தோன்றும். கீழே பின் குறுக்குச் சட்டமும், சேசிஸிலிருந்து பக்கங்களுக்கு நீளும் கைகளும் கடதாசி மாதிரி இருக்கும்.

அடியில் புதிதாகக் கறுப்புத் தார் பூச்சு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். நேற்றுப் பூசியதை இன்று விற்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. ஒட்டுப் போட்ட இடங்களை எண்ணுங்கள். ஒட்டு இருப்பது குற்றமில்லை, ஒட்டுக்கு மேல் ஒட்டு இருந்தால் எழும்பி வாருங்கள். சேசிஸ் இலக்கத்தைத் துணியால் துடைத்து ஒவ்வொரு எழுத்தாக சீஆரோடு பாருங்கள். எழுத்துக்களின் ஆழமோ வரிசையோ ஒரே மாதிரி இல்லை, சுற்றியுள்ள இரும்பை அராவியிருக்கிறது என்றால் பேச்சே வேண்டாம், திருட்டு வாகனத்தைப் பொலிஸ் எடுத்துக்கொண்டு போனால் உங்கள் காசை யாரும் தரமாட்டார்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் பார்க்கக் கிடைத்தால் இன்னும் நல்லது. கால்விரிப்பைத் தூக்குங்கள், ஈரமும் துருவும் அங்கேயே சொல்லும்.

6. எஞ்சினும் ஃபோர் வீலும்

"ஸ்ராட் பண்ண வேண்டாம், நான் வந்த பிறகு பண்ணுங்கோ" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பொனற்றில் கை வையுங்கள், சுட்டால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். பழைய டீசல் எஞ்சினின் வருத்தமெல்லாம் குளிர்ந்த ஸ்ராட்டில்தான் தெரியும். ஆரம்பத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றால் சரி. நிற்காமல் வந்தால் தண்ணீர் எரிகிறது அல்லது டீசல் ஒழுங்காக எரியவில்லை. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. மிதிக்கும்போது கரும்புகை தள்ளினால் பம்பு, நொசில், ஏர் ஃபில்ற்றர் பக்கம் பாருங்கள், அது காசோடு முடிகிற வேலை.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து மேலே கவிழ்த்து வையுங்கள். மெல்ல ஆடினால் பரவாயில்லை, புகையோடு தள்ளி விழுத்தினால் பிஸ்டன் றிங் தேய்ந்துவிட்டது. றேடியேற்றர் மூடியை எஞ்சின் குளிராக இருக்கும்போதே திறந்து, பிறகு ஸ்ராட் பண்ணி, விடாமல் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஹெட்டோ அதன் கீழுள்ள கஸ்கெற்றோ பழுது. உள்ளே வெறும் கிணற்றுத் தண்ணீர் கிடந்தால் விலையில் குறைத்துப் பேசுங்கள். எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் கேத்திலின் அடியில் படை பிடிப்பதுபோல றேடியேற்றர் குழாய்களிலும் பிடிக்கும், அந்தப் படையால் சூடேறித்தான் பல 4டி56 ஹெட்டுகள் போயின என்று எனக்கு வேலை செய்கிற மெக்கானிக் அண்ணை சொல்வார்.

நான்கு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீலைத் தார் ரோட்டில் பரிசோதிக்க வேண்டாம், பகுதிநேர ஃபோர் வீல் வாகனங்கள் தாரில் முறுகும். மணல் ரோட்டுக்குக் கொண்டு போங்கள். ஃபோர் வீல் தடியால் ஹை, லோ இரண்டையும் போட்டு எடுத்து முன்னும் பின்னும் ஓடிப் பாருங்கள். எங்கள் குடாநாட்டில் மலையுமில்லை சேறும் குறைவு, அதனால் பல வாகனங்களில் அந்தத் தடியை வருடக் கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், முன் ஹப் இறுகிப்போயிருக்கும்.

ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

7. ஓடிப் பார்த்தல்

ஒழுங்கைக்குள் ஒரு சுற்றுப் போதாது. மத்தியான வெயிலில், ஏசியைப் போட்டு, நாவற்குழியால் ஏ9 வீதியில் சாவகச்சேரி வரை போய்த் திரும்புங்கள். சூட்டு முள் நடுவில் நிற்கிறதா, பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா, அறுபது எழுபதில் ஸ்ரியறிங் உதறுகிறதா என்று பாருங்கள். வந்ததும் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து, திரும்ப ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். சூட்டில் ஸ்ராட் ஆகாத டீசல் பம்பு வேலை கேட்கிறது.

பரிசோதிக்க விற்பவரின் கராஜுக்குப் போக வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள், தரகரின் கொமிசனில் அவருக்குப் பங்கு இருக்கக் கூடாது.

8. பணம் கொடுக்கும் நாள்

முற்பணம் கொடுத்தால் எழுத்தில் வாங்குங்கள்: வாகன இலக்கம், சேசிஸ் இலக்கம், மொத்த விலை, மிச்சம் கொடுக்கும் திகதி, பத்திரம் பிழைத்தால் முற்பணம் திரும்பும் என்ற வரி. மிச்சக் காசை வங்கியால் கொடுங்கள். அன்றைக்கு உங்கள் கைக்கு வர வேண்டியவை: அசல் சீஆர், சொந்தக்காரர் உங்கள் முன்னால் கையெழுத்திட்ட எம்டிஏ 6 என்ற கைமாற்ற அறிவிப்புப் படிவம், அவருடைய அடையாள அட்டைப் பிரதி, நடப்பு வருமான அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ், இரண்டு திறப்பும். விற்ற திகதியையும் நேரத்தையும் இருவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள், நேற்று அவர் செய்த விபத்து இன்று உங்கள் தலையில் வரக் கூடாது.

9. பெயர் மாற்றமும் வருடாந்தப் பத்திரங்களும்

விற்பவர் கைமாறியதை 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், நீங்கள் எம்டிஏ 8 படிவத்தோடு பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும். "ஆறுதலாகச் செய்யலாம்" என்று விட்டவர்கள்தான் மேலே சொன்ன ஓப்பின் பேப்பர் சங்கிலியை நீட்டுகிறவர்கள். கச்சேரியில் உள்ள திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு முதலில் போய், உங்கள் வாகனத்துக்கு என்னென்ன கேட்கிறார்கள், எதை இங்கே ஏற்கிறார்கள், இன்றைய கட்டணம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கொழும்புக்கு, நாரஹேன்பிட்டியிலுள்ள தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தால் ஒரு கடதாசி குறைந்தாலும் ஒரு இரவு பஸ்ஸும் ஒரு நாள் லீவும் போய்விடும். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுங்கள்.

காப்புறுதி முதல் நாளே உங்கள் பெயரில். மூன்றாம் தரப்பு கட்டாயம். முழுக் காப்புறுதிக்கு இவ்வளவு பழையதென்றால் பரிசோதித்துவிட்டு யோசிப்பார்கள், சிலர் மறுப்பார்கள்.

புகைப் பரிசோதனையில் டீசல் எஞ்சினை முழு வேகத்துக்கு முறுக்குவார்கள். ஒயிலும் ஏர் ஃபில்ற்றரும் மாற்றி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக் கொண்டு போங்கள். பழைய ரைமிங் பெல்ற்றோடு மட்டும் போகாதீர்கள், அந்த முறுக்கில் அறுந்தால் அதோடு எஞ்சினுக்குச் சங்குதான். புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால் வருமான அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், இணையத்திலும் எடுக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை, திகதி கடந்தால் தண்டம்.

10. முதல் மாதம்

வாங்கியவுடன் பாட்டுப் பெட்டியும் அலோய் ரிம்மும் தேட வேண்டாம். எஞ்சின் ஒயில் (பஜிரோ டீசலுக்கு ஆறேழு லீற்றர் பிடிக்கும்), கியர்பொக்ஸ், ட்ரான்ஸ்ஃபர், முன் பின் டிஃபரன்சியல், பிரேக் எண்ணெய் எல்லாம் ஒரே தரத்தில் மாற்றுங்கள். ரைமிங் பெல்ற், தண்ணீர்ப் பம்பு, தெர்மோஸ்ரற் சேர்த்து மாற்றுங்கள், கூலி ஒன்றுதான். றேடியேற்றரைக் கழற்றிக் கழுவி, கூலன்ற் விட்டு, அதற்குப் பிறகு கிணற்று வாளியை அதன் பக்கம் கொண்டு போகாதீர்கள். மழைக்குப் பிறகும் கடற்கரை போய்வந்தாலும் அடியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், மாதத்தில் ஒரு நாள் மணலில் ஃபோர் வீலைப் போட்டுக் கொஞ்சத் தூரம் ஓடுங்கள்.

சாமான்களுக்கு முதலில் ஸ்ரான்லி வீதிக் கடைகளில் கேளுங்கள். இல்லாதது கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், காசு போட்டால் பஸ்ஸில் அனுப்பிவிடுவார்கள். ஆனால் "பஜிரோவுக்கு பிரேக் சூ" என்று மட்டும் சொன்னால் பொருந்தாததுதான் வரும், ஒரே மொடலுக்குள்ளேயே இரண்டு மூன்று அளவு இருக்கிறது. எஞ்சின் அறைக்குள் ஆணியடித்திருக்கும் மொடல் தகட்டையும், கழற்றிய பழைய சாமானைப் பக்கத்தில் அடிமட்டம் வைத்தும் படமெடுத்து அனுப்பி, திருப்பி எடுப்பார்களா என்று கேட்டபின் காசைப் போடுங்கள்.